கோமளவல்லி டாக்டர் எழுதிய இரண்டு தாள்கள்

மீன் வாங்கும்போது எல்லோரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். டாக்டர் கோமளவல்லி மீன்காரியின் வாயைப் பார்ப்பார். "சாளை எவ்வளவு?" என்று அவர் கேட்பதே, பதில் சொல்ல அவள் வாய் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான். திறந்ததும் கன்னத்தின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, ஈறோரம் புண் இருக்கிறதா, மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் விரிகிறதா என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். சந்தேகம் தட்டினால் கைப்பையிலிருந்து சின்ன டார்ச் வெளியே வரும்.

"ஏட்டி, நாக்கத் தூக்கு. அப்பிடியே நில்லு. போயிலய எந்தப் பக்கம் அடக்குக?"

"வலத்த. டாக்டரம்மா, மீனு வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அரைக் கிலோ போடு. வார புதங்கெழம ஆஸ்பத்திரிக்கு வா. வரலேன்னா நான் இஞ்ச வந்து டார்ச்சோட நிப்பேன். ஒனக்கு யாவாரம் நடக்காது, பாத்துக்க."

கோமளவல்லி மீன் தின்னமாட்டார். தேரூர்ப் பக்கம் வயலும் தென்னை விளையுமாக இருந்த சைவ வீட்டுப் பெண். வாங்கிய மீனெல்லாம் வேன் டிரைவர் சுயம்புராஜின் வீட்டுக்குப் போகும். "டாக்டர் எப்பம் பாத்தாலும் சாளையே வாங்குகாவளே, எடைக்கெடைக்கு ஒரு நெய்மீன்காரிக்க வாயையும் பாக்கச் சொல்லுங்களேன்" என்று சுயம்புராஜின் மனைவி சொல்லியனுப்பியதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். மறுவாரம் நெய்மீன்காரியின் வாயையும் பார்த்தார்.

வயது ஐம்பத்தெட்டு. ஒட்ட வாரி முடிந்த நரைமுடி, கஞ்சி போடாத பருத்திச் சேலை, ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. மாவட்டத்தில் புற்றுநோய் வராமல் தடுக்கும் திட்டத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் பொறுப்பு. ஓய்வுபெற இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. கூடப் படித்தவர்கள் நாகர்கோவிலில் லிஃப்ட் வைத்த ஆஸ்பத்திரி கட்டிவிட்டார்கள். இவரிடம் ஒரு வேன், ஒரு மடக்குக் கட்டில், ஒரு கேன் வினிகர், சுஜா என்று ஒரு நர்ஸ். வந்த நோயைத் தீர்க்கிற டாக்டருக்கு மாலை போடுவார்கள், பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பார்கள். வராமல் போன நோய்க்கு யார் வந்து கும்பிடப் போகிறார்கள்? "எனக்க வேல நல்லா நடந்தா ஒண்ணுமே நடக்காது, மக்கா. அத எங்க போயி போட்டோ எடுக்க?" என்று சுஜாவிடம் சொல்லுவார். சுஜா பஞ்சு உருட்டிக்கொண்டிருப்பாள்.

அவருடைய அறைச் சுவரில் மாவட்டப் படம் ஒன்று தொங்குகிறது. அதில் பென்சிலால் மூன்று பட்டை பிரித்து வைத்திருக்கிறார். மேலே ரப்பர், நடுவில் வயல், கீழே கடல். பட்டை பட்டையாக, எந்தப் பெண் எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்று பொடி எழுத்தில் குறித்திருக்கும். மார்பில் ஒரு கட்டி, நாகர்கோவில் வங்கி அதிகாரியின் மனைவிக்கு வந்தால் நெல்லிக்காய் அளவிலேயே டாக்டரிடம் வந்துவிடும். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவளுக்கு வந்தால், அது வளர்ந்து, உடைந்து, நாற்றம் எடுத்து, பக்கத்தில் நின்று வேலை செய்ய முடியவில்லை என்று இன்னொருத்தி சொன்ன பிறகுதான் வரும். இருவருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. பஸ் வேறு ஓடுகிறது.

திட்டக் காகிதத்தில் முகாம் நேரம் காலை பத்து மணி என்று போட்டிருக்கும். இதைப் போட்டவர் ரப்பர் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்க வேண்டும். வெட்டுக்குப் போகிறவள் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் ஏறுகிறாள். பத்து மணிக்குச் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்துக்கொண்டிருப்பாள். அதை உறையவைத்து ஷீட் அடித்துக் கையைக் கழுவும்போது மத்தியானம் ஆகிவிடும். பத்து மணி முகாமுக்கு டீச்சர்மாரும் அங்கன்வாடிக்காரியும் வந்து படுத்து எழுந்து கையெழுத்துப் போட்டுப் போனார்கள். திட்டம் நூற்றுக்கு நூறு. கோமளவல்லி பொறுப்புக்கு வந்த பிறகுதான் குலசேகரத்தில் முகாம் இரண்டரை மணிக்கும், கடற்கரையில் மீன் ஏலம் முடிந்து பெண்கள் குளித்து வருகிற பதினோரு மணிக்கும் மாறியது. இந்த இரண்டு கடிகார முள்ளைத் திருப்ப மேலிடத்தில் ஏழு மாதம் யோசித்தார்கள்.

விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கூட்டத்தில் இளம் அதிகாரி ஒருவர், கடற்கரைப் பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை, அதுதான் காரணம் என்று படம் போட்டு விளக்கினார். கோமளவல்லி எழுந்து, "அவளுவ முழிச்சிதான் இருக்காளுவ, சார். வெளுக்கதுக்கு முந்தியே முழிச்சிருக்காளுவ. நாமதான் ஒறங்குகோம்" என்றார். கூட்டக் குறிப்பில் இது "மருத்துவர் கருத்துத் தெரிவித்தார்" என்று பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தவர்தான் அந்த இரண்டு தாள்களையும் தன் கையால் எழுதினார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது அரசு மலரில் வருகிற கட்டுரையாகிவிடும்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், இனயத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊரில் முகாம். ஊர்ப் பெயர் வேண்டாம்; அங்கே கல்யாணத்துக்குப் பெண்கள் இருக்கிறார்கள். பரிசோதனை எளிதானது. கர்ப்பப்பையின் வாயில் நீர்த்த வினிகரைப் பஞ்சால் தொட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வெள்ளையாக ஒரு திட்டு எழும்பினால் சந்தேகம். அநேகமாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அது புற்றாக மாற வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் பிடித்துவிட்டால் கால்மணி நேர வேலை. யாரோ ஒரு சிலருக்கு மட்டும் உள்ளே காரியம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் பூதக்கண்ணாடிக் கருவிக்குக் கீழே மறுபடியும் படுக்கச் சொல்லுகிறார்கள். அன்றைக்கு நூற்று நாற்பத்து மூன்று பெண்களில் ஒன்பது பேருக்குத் திட்டு எழும்பியது. கையில் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது இரண்டு பேர்.

மீதி ஏழு பேருக்கும் சுஜா போன் செய்தாள். தந்திருந்த நம்பரெல்லாம் வீட்டு ஆண்களுடையவை. பாதிப் பேர் ஆழ்கடலில் இருந்தார்கள். மஸ்கட்டில் இருந்த ஒருவர், "எனக்க பெண்டாட்டிக்கு நீங்க என்னத்தப் பாத்திங்க?" என்று சண்டைக்கு வந்தார்.

அப்போதுதான் கோமளவல்லிக்கு அந்த யோசனை தோன்றியது. அந்த ஊரில் எது நடக்க வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலில் அறிவித்தால் நடக்கும். மண்ணெண்ணெய் வந்தது, வலை ஏலம், காணாமல் போன ஆடு, போலியோ சொட்டுமருந்து, எல்லாமே பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் சூசை வாசிக்கிற தாளில்தான் இருக்கும். இதையும் ஏன் அதில் சேர்க்கக்கூடாது? ஊரில் ஒரே பெயரில் நாலு நாலு பேர் இருப்பதால், ஆள் மாறிவிடக்கூடாதே என்று தெளிவாக எழுதினார். இன்னாருடைய மனைவி, எந்த அன்பியம் என்கிற ஜெபக் குழு, தெருவில் நிற்கிற சிலுவைக் குருசடிக்குத் தெற்கா வடக்கா என்று எல்லாம் எழுதினார். தலைப்பும் அவரே போட்டார்: கர்ப்பப்பை வாய் மறுபரிசோதனைக்கு வரவேண்டிய சகோதரிகள்.

"பேரு வாசிக்கணுமா, மேடம்?" என்று சுஜா கேட்டாள்.

"வாசிக்கலேன்னா எவ வருவா? களவா எடுத்தாளுவ, ஒளிச்சி வைக்கதுக்கு? சீக்குன்னா சீக்கு, தீனம்னா தீனம்னு ஊரறியச் சொல்லணும், மக்கா. அப்பந்தான் இந்த வெக்கம் போவும்."

சொல்லும்போது அவருக்குப் பெருமையாகவே இருந்தது. பல வருடமாக மேடைகளில் இதைத்தான் பேசி வந்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரின் தாளில் முதலில் கல்யாண ஓலை இருந்தது. அந்த மக்களிடம் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அது முடியும். அன்றைக்கு வாசித்தது ததேயு, வியாகுலமேரி தம்பதியின் மூத்த மகள் ஜெனிஷாவுக்கு இரண்டாம் ஓலை. கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, மூச்சு வாங்காமல் சூசை அடுத்த தாளுக்குப் போனார். அதில் முதல் பெயர், வியாகுலமேரி, ததேயுவின் மனைவி, குருசடிக்குத் தெற்கு.

தடை உண்டா என்று கேட்டார்கள், உடனே தடை வந்துவிட்டது. கோயில் முழுக்க அப்படித்தான் காதில் வாங்கியது. சூசையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கையில் கொடுத்ததை அவர் வாசித்தார். கோமளவல்லிக்கு ஓலை வாசிக்கிற வழக்கம் தெரியாது. பதினேழு வருடம் அந்தக் கரைக்கு வேனில் போய்வந்தவர் ஒருநாள்கூட அந்தப் பூசை முடிகிற நேரத்தில் கோயிலுக்குள் நின்று பார்த்ததில்லை. கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வியாகுலமேரி நாகர்கோவில் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பத்தேழு வயது, கருவாட்டு யாவாரம், கோயிலுக்குக் கட்டுகிற சேலை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"டாக்டரம்மா, எனக்கு தீனம் உண்டா?"

"தீனம்னு நான் சொல்லல்ல. ஒருக்கா கூடப் பாக்கணும்னுதான்."

"உண்டுன்னும் சொல்லல்ல, இல்லன்னும் சொல்லல்ல. பின்ன என்னத்துக்கு கோயில்ல வாசிச்சிங்க?"

டாக்டர் நாற்காலியை இன்னொரு தடவை அவள் பக்கம் தள்ளினார்.

"மாப்பிள வீட்டுக்காரிய நேத்து வந்தினும். தள்ளைக்கு உள்ளது மோளுக்கும் வரும்னு சொல்லிட்டு சாயாகூட குடியாம எறங்கிப் போனினும். எனக்க பிள்ள அப்பம் படுத்தவ இன்னும் எழும்பல்ல."

"இது தாய்கிட்ட இருந்து மோளுக்கு வார தீனமே இல்ல, வியாகுலம்."

"அத எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? எழுதித் தாருங்க. எனக்கு கேன்சர் இல்லன்னு ரவுண்டு சீலு வச்சி எழுதித் தாருங்க. மோளுக்க கல்யாணக் கெட்டு கழிஞ்ச மறு திங்கக்கெழம நீங்க எங்க படுக்கச் சொன்னாலும் படுக்கேன். மாதாவாண."

தாயிடமிருந்து மகளுக்கு வராது என்று டாக்டரால் சொல்ல முடியும். அப்படியானால் எப்படி வரும் என்று கேட்டால், புருஷனிடமிருந்து வருகிற ஒரு கிருமி என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்தக் கரையில் இன்னும் பெரிய தீ பற்றும். கல்யாணத்துக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. வைத்தியப்படி பார்த்தால் இருபத்துமூன்று நாளில் எதுவும் குடிமுழுகிப் போகாது. தான் மூட்டிய தீயைத் தானே அணைக்க வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. இழுப்பறையிலிருந்து அலுவலகத் தாளை எடுத்தார்.

"இவருக்குப் புற்றுநோய் இருப்பதாக இதுவரை எந்தப் பரிசோதனையிலும் கண்டறியப்படவில்லை. பட்டியலில் பெயர் வாசிக்கப்பட்டது நோய் இருப்பதைக் குறிக்காது" என்று எழுதிக் கையெழுத்திட்டு வட்ட முத்திரையை அழுத்தினார். அதில் ஒரு சொல் பொய் கிடையாது. இன்றைக்கும் எந்த மருத்துவக் குழு முன்னாலும் வைத்து வாதாடலாம். வியாகுலம் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல், சேலைத் தலைப்பால் வெயில் படாமல் மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கல்யாணம் ஜோராக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடிதத்தைப் போனில் படம் பிடித்து, கரை கரையாக வாட்ஸப்பில் அனுப்பினார்கள். டாக்டரம்மாவே ஒன்றுமில்லை என்று எழுதித் தந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. ஊர் நம்பியதோடு போயிருந்தால் சரி. வியாகுலமும் நம்பிவிட்டாள்.

மறு திங்கட்கிழமை அவள் வரவில்லை. டாக்டர் வேனை எடுத்துக்கொண்டு போனார். மறுவீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்றாள். அடுத்த மாதம் போனார், மகளுக்கு வாந்தி. பிறகு ஏழாம் மாதச் சடங்கு, பிறகு பேறு, பிறகு பிள்ளைக்கு ஞானஸ்நானம். பதினோரு தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வியாகுலம் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கடிதத்தை எடுத்து வருவாள்.

"இதுல இல்லன்னுதான டாக்டரம்மா எழுதியிருக்கு?"

"அது அண்ணைக்கு எழுதினது, வியாகுலம். கண்டுபிடிக்கல்லன்னுதான் எழுதினேன். இனிமேதான் பாக்கணும்."

"சீலு இருக்கே."

அதற்குமேல் குரலை உயர்த்த முடியாது. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் பேசினால் நாலு வீட்டில் கேட்கும். அங்கே நின்று உண்மையை உரக்கச் சொன்னால், அது கோயிலில் இன்னொரு தடவை பட்டியல் வாசித்த மாதிரி ஆகும். ஜெனிஷா புகுந்த வீட்டிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். ஆகவே மாவட்டம் முழுக்க வாய் திறக்கச் சொல்லித் திரிகிற டாக்டர், வியாகுலத்தின் வாசலில் வாயை மூடிக்கொண்டு, கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பினார். வேனில் ஏறியதும் சுயம்புராஜ் கேட்பார், "வாராளா?" கேட்க வேண்டாம் என்று சுஜா கண்ணால் காட்டுவாள்.

கல்யாணம் முடிந்து பதினாலு மாதம் கழித்து வியாகுலம் தானாகவே வந்தாள். நாலு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாதவிலக்கு நிற்கிற பிராயம், அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாளாம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். மூன்றாம் கட்டம். கேரள எல்லை தாண்டிப் போய்க் கதிர்வீச்சு எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஏழெட்டு மாதம் அடங்கி இருந்தது. பிறகு இடுப்பெலும்புக்கும் நுரையீரலுக்கும் ஏறிவிட்டது. இனி வலி தெரியாமல் வைத்திருப்பது ஒன்றுதான் செய்ய முடியும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் கோமளவல்லி முகாமின் முறையையே மாற்றினார். இப்போது யாருடைய பெயரும் திரைச்சீலைக்கு வெளியே போவதில்லை. திட்டு எழும்பினால் அங்கேயே, அப்போதே, சூடு வைக்கும் சின்னக் கருவியால் எரித்துவிட்டு அனுப்புகிறார்கள். பார்த்ததும் வைத்தியம் செய்ததும் வெளியே நிற்கிறவளுக்குத் தெரியாது. சந்தேகம் பலமாக இருக்கிறவளை மட்டும் பக்கத்து ஊர் பிரார்த்தனைக்குப் போகிற சாக்கில் சுஜாவே கூட்டிக்கொண்டு போகிறாள். இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. போன மார்ச் மாதம் இதற்காகச் சென்னையில் கேடயம் கொடுத்தார்கள். இந்த யோசனை எப்படி வந்தது என்று மேடையில் கேட்டார்கள். "ஒரு தப்புச் செய்தேன்" என்றார் கோமளவல்லி. என்ன அடக்கம் என்று அரங்கம் முழுக்கக் கைதட்டியது. அவர் மேலே சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த மாவட்டத்துக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு வேன் குருசடிக்குத் தெற்கே நிற்கிறது. வலிக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பதும் துணி மாற்றுவதும் சுஜா பார்த்துக்கொள்வாள். டாக்டர் போகவேண்டிய அவசியமே கிடையாது. ஆனாலும் போகிறார். இன்றைக்காவது இவள் ஒரு வார்த்தை திட்டிவிடமாட்டாளா என்றுதான் போகிறார் என்பது சுஜாவின் எண்ணம். கோயிலில் வைத்து என் பெயரை வாசித்தாயே, வாசித்துவிட்டு இல்லை என்றும் எழுதித் தந்தாயே, நீயெல்லாம் டாக்டரா என்று ஒரு கேள்வி. அது வந்தால் பதில் சொல்லலாம், அழலாம், காலில்கூட விழலாம். வியாகுலமோ அவர் வந்ததும் மகளைக் கூப்பிட்டு மின்விசிறியை டாக்டரம்மா பக்கம் திருப்பச் சொல்லுவாள்.

போன வியாழக்கிழமை வியாகுலம் சுஜாவை வெளியே போகச் சொன்னாள். இளைய மகள் அபிஷாவைக் கடைக்கு அனுப்பினாள். கதவை ஒருக்களித்துச் சாத்தும்படி டாக்டரிடம் சைகை காட்டினாள். பேசினால் இருமல் வந்தது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"இளையவளுக்கு ஒரு எடம் வந்திருக்கு. தூத்தூர்ல. நல்ல பயலாம். கப்பல்ல வேல."

"நல்லதுதான், வியாகுலம்."

"நான் ஓலை வாசிக்கது வர கெடக்கமாட்டேன். அது எனக்குத் தெரியும்." இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள். "நான் போனா சர்ட்டிபிகேட்டுல என்ன எழுதுவினும்?"

இந்தக் கரையில் யார் எதனால் செத்தாலும், வீட்டார் கெஞ்சிக் கேட்டு மாரடைப்பு என்று எழுதி வாங்கிவிடுவார்கள். பத்தொன்பது வருடமாக இதை எதிர்த்துத்தான் டாக்டர்மாரோடு சண்டை போட்டு வருகிறார். செத்தவளையாவது சரியாக எழுதுங்கள், அப்போதுதான் இந்தக் கரைக்கு எவ்வளவு வைத்தியம் வேண்டும் என்று மேலே கேட்க முடியும் என்பார். செத்தால் எல்லோருக்கும்தான் நெஞ்சு நிற்கும், நின்றதற்குக் காரணத்தை எழுதுங்கள் என்று கத்தியிருக்கிறார். மாரடைப்பு என்று எழுதிய இரண்டு டாக்டர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீசும் அனுப்பியிருக்கிறார்.

"ஹார்ட்டுன்னு எழுதித் தரணும், டாக்டரம்மா. வேற ஆருகிட்டயும் நான் கேக்கல்ல. நீங்க எழுதினா ஒருத்தனும் ஒண்ணும் பறையமாட்டான். அண்ணைக்கு எழுதித் தந்திங்கல்லா, அதுபோல."

"வியாகுலம், அண்ணைக்கு நான் எழுதினது..."

"அதுனாலதான எனக்க மூத்தவ இண்ணைக்கு ஒரு பிள்ளையும் வச்சிட்டு நல்லா இருக்கா. வேற எந்த டாக்டரு எங்கள மாதிரி உள்ளவளுக்கு அப்பிடி எழுதித் தருவா? நான் ஜெபத்துல எப்பளும் ஒங்களச் சொல்லுவேன்."

முடியாது என்ற சொல் கோமளவல்லியின் நாக்கு நுனிவரை வந்தது. இந்த மனுஷி மனத்தாங்கல் இல்லாமல் பேசுகிறாள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கோபமாக ஒரு வார்த்தை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பார். அவர் வாயிலிருந்து வந்தது, பத்தொன்பது வருடமாக மேலதிகாரிகள் அவரிடம் சொல்லிச் சொல்லி அவர் வெறுத்த அதே வார்த்தை.

"பாக்கலாம்."

வியாகுலத்துக்கு அது போதுமாக இருந்தது. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். போர்வைக்குள்ளிருந்து கையை மெல்ல வெளியே எடுத்தாள். எலும்பும் தோலுமான கை. கட்டில் விளிம்பில் இருந்த டாக்டரின் வலது கையைத் தேடித் தொட்டாள். தொட்ட தன் விரல்களை உதட்டுக்குக் கொண்டுபோய் முத்தினாள், கோயிலில் மாதா சுரூபத்தைத் தொட்டு முத்துவதுபோல.

கோமளவல்லி அந்தத் தாள்களை எழுதிய தன் கையை மெதுவாக எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.